ஓக் மரத்தில் ஏறிய கறுப்பு

கண்டியிலிருந்து வந்து, குன்னூர்ப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் முப்பது வருஷம் கொழுந்து கிள்ளியவள் மருதாயி. தேயிலை விலை பாதாளத்துக்குப் போன வருஷம் எஸ்டேட்டைப் பூட்டிவிட்டார்கள். விலை விழுந்தால் முதலாளிக்குத் தலைவலி, கூலிக்காரிக்கு வயிற்றுவலி.

அப்போதுதான் வெள்ளைக்காரன் காலத்துச் சர்ச்சில் ஒரு வேலை வந்தது. பீடத்துக்கு முன்னால் ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் ஓக் மரத் தடுப்பு, கப்பலில் வந்ததாம். திராட்சைக்கொடி, இலை, குருவி என்று அத்தனை சித்திரவேலை. இடுக்கெல்லாம் மெழுகுவத்திப் புகை. ஈஸ்டருக்குள் சுத்தமாகத் துடைத்துக் கொடுத்தால் நிரந்தர வேலை என்று ஆயர் சொல்லியிருந்தார்.

ஒரு வாரம் ஈரத்துணியால் துடைத்தாள். புகை லேசில் அசையவில்லை. எஸ்டேட் லயத்து வீடுகளில் மரப்பெட்டியை ஆறின தேத்தண்ணியால் துடைப்பார்கள். ஊரெல்லாம் தேயிலை மக்கிக் கிடக்கிறது, அதற்கா பஞ்சம்? இரும்புச் சட்டியில் தூளை அள்ளிக் கொட்டிக் காய்ச்சி, இரண்டு பலகைக்குப் பூசிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

காலையில் பார்த்தால் இரண்டு பலகையும் கரிக்கட்டை. இரும்புச் சட்டித் தேத்தண்ணி பட்டால் ஓக் மரம் கறுக்கும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

வாட்ச்மேன் சில்வஸ்டர் நல்ல மனுஷன். "மழை ஒழுகிருச்சுன்னு சொல்லிப்போடுங்கக்கா. கூரை ஓட்டை ஐயாவுக்கும் தெரியுமில்ல" என்றான்.

மருதாயி கறுப்பையே உற்றுப் பார்த்தாள். தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி பிடித்த கையில் இலைச்சாறு பட்டால் ஏறுகிற அதே கறுப்பு. அதற்கு எலுமிச்சைதானே மருந்து! கடைக்கு ஓடிப் பத்துப் பழம் வாங்கி வந்து இலை இலையாகத் தேய்த்தாள். மதியத்துக்குள் கறுப்பு இறங்கியது. ஒரு கொத்துத் திராட்சை மட்டும் பிடிவாதமாக நின்றது.

அந்த நேரம் பார்த்து ஆயர் வந்தார். கொத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"என்னங்கம்மா இது?"

"மழைங்க ஐயா" என்று சில்வஸ்டர் முந்திக்கொண்டான்.

"மழையில்லீங்க. நாந்தான். இரும்புச் சட்டியில தேத்தண்ணி காச்சிப் பூசிட்டேனுங்க" என்றாள் மருதாயி.

"இந்தக் கொத்தும் வெளுத்திருந்தா எங்கிட்டச் சொல்லியிருப்பீங்களா?"

அவள் கையிலிருந்த எலுமிச்சைத் தோலைக் கீழே வைத்தாள்.

"சொல்லியிருக்க மாட்டேனுங்க. இந்த வேலையும் போயிட்டா எனக்கு வேற வழியில்லீங்க."

ஆயர் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"ஈஸ்டர் வரைக்கும் பொறுக்க வேண்டாங்க. இன்னிக்கே உங்களை நிரந்தரம் பண்ணிடறேன். இனி எதையும் பயந்து மறைக்க வேண்டாம். மிச்சப் பலகைக்கு வெறும் தண்ணி போதும், மெதுவா ஆகட்டும்."

எஸ்டேட்டைப் பூட்டிய அன்று கூட அழாதவள், எலுமிச்சை வாடையடிக்கும் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.