பாதிப் பங்குத் தேசிக்காய்

எனக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று என் தம்பி இன்றைக்கும் நம்புகிறான். நம்பட்டும், மடையன்.

நான் வீடு துடைக்கப் போகும் வெள்ளைக்காரச் சிஞ்ஞோராவின் தகப்பன் படுக்கையில் கிடந்தார். தம்பி ஆறு வருஷம் வீட்டோடு நின்று அவரைப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமைகூட அவள் அவனை வெளியே விடமாட்டாள். கிழவர் செத்த பிறகுதான் அவனுக்கு விடுதலை. உடனே அவள், பக்கத்து ஊர் பகேரியாவில் இருந்த தன் எலுமிச்சைத் தோட்டத்தை அவனுக்கு வாரத்துக்குக் கொடுத்தாள். பாடு அவனுடையது, காய் பாதிக்குப் பாதி. மரங்களைக் கவனியாமல் விட்டால் ஒப்பந்தம் முறியும் என்று கடைசியில் ஒரு வரி. நான்தான் வாசித்துச் சொன்னேன். இனித் தான் ஒருவருக்கும் வேலைக்காரன் இல்லை என்று சொல்லி, சீசாப் பகுதியில் இருந்த என் வீட்டுக்கு ஆட்டிறைச்சி வாங்கிக்கொண்டு வந்தான்.

ஜூன் மாதம், நான் சட்டி கழுவிக்கொண்டு நிற்கையில் சிஞ்ஞோரா வந்து, தான் சொல்லும்வரை மரங்களுக்குத் தண்ணீர் விடக்கூடாது என்று தம்பியிடம் சொல்லச் சொன்னாள். அந்தப் பக்கத்தில் அது வழக்கம்தான். கோடையில் மரத்தைத் தாகத்தில் வாட்டிப் பிறகு வெள்ளமாக இறைத்தால், பயத்தில் பூத்துத் தள்ளும். அடுத்த கோடையில், ஒருவரிடமும் காய் இல்லாத நேரத்தில் காய்க்கும்.

"பச்சை மரத்தை வாட்டுறது பாவமக்கா," என்றான்.

சொன்னதைச் செய்யடா என்று நான்தான் அதட்டினேன்.

இலைகள் சுருண்டு தொங்கிய நாளில் அவள் போய்ப் போனில் படம் எடுத்தாள். ஓகஸ்டில் தண்ணீர் விடச் சொன்னாள். செப்டெம்பரில் தோட்டம் வெள்ளையாகப் பூத்தது. பூ பிஞ்சாகும்வரை பொறுத்திருந்து, மரங்களைக் காயவிட்டான் என்று அந்தப் படங்களைக் காட்டி அவனைத் தோட்டத்திலிருந்து எழுப்பிவிட்டாள். ஊரில் எங்கள் ஐயாவும் வெங்காயம் கிண்ட இரண்டு கிழமை இருக்கையில் வாரக்காரனைத் துரத்தினவர்தான். அன்றைக்கு நாங்கள் சிரித்தோம்.

தம்பி தொழிற்சங்கத்துக்குப் போனான்; அவர்கள் வழக்குப் போட்டார்கள். தண்ணீரை நிறுத்தச் சொன்னது அவள்தான் என்பதற்கு நான் ஒருத்திதான் சாட்சி. விசாரணை நாள் காலை, என் வதிவிட அனுமதியான பெர்மெசோவைப் புதுப்பிக்கத் தேவையான வேலைக் கடிதத்தை அவள் மேசையில் வைத்தாள். பேனையை மூடிவிட்டு, பின்னேரம் கையெழுத்து வைக்கிறேன் என்றாள்.

தம்பியை வெளியே இருத்திவிட்டு என்னைக் கேட்டார்கள். சிஞ்ஞோரா அப்படி ஒன்றும் சொல்லவில்லை என்றேன். தான் ஆடாவிட்டாலும் தசை ஆடும் என்பார்கள். எனக்கு ஒன்றும் ஆடவில்லை.

நான் வெளியே வந்ததும் எழும்பினான்.

"சொன்னனியே, அக்கா?"

"ஓம். உள்ளதைச் சொன்னனான்."

என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

அடுத்த ஜூனில் அவள் எனக்கு ஒரு பை தேசிக்காய் தந்தாள். பச்சை எலுமிச்சங்காய், நல்ல சாறு. அப்போது வழக்கில் தோற்ற தம்பி ஒரேத்தோத் தெருவில் மாடிப்படி கழுவிக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை வந்தவனுக்குச் சீனி போட்டுக் கரைத்துக் கொடுத்தேன். எங்கே வாங்கினாய் என்று கேட்டான். சந்தையில் என்றேன். குடித்து முடித்து வாயைத் துடைத்தான்.

"நீ அவ்வளவு சொல்லியும் அவங்கள் நம்பேல்லையே, அக்கா," என்றான்.