மிஷின் எச்சில்

அந்த மிஷின் வீட்டுக்குள் வந்த அன்றே ஒரு ஆளைச் சாய்த்துவிட்டது.

காபிக்கொட்டை அரைக்கும் மிஷின்தான். ஆனால் கடையில் நின்று நாள் முழுக்க அரைப்பதற்கென்று செய்த இரும்பு. லாரியில் மூட்டை ஏற்றி இறக்குவது தொழில் என்ற தைரியத்தில், கணவன் அதைத் தனியாளாக மூன்றாவது மாடிவரை சுமந்து வந்தான். சமையலறை மூலையில் இறக்கி, "இந்தா, உன் மாமியார். இனிமே நீயாச்சு, அவளாச்சு" என்றான். நிமிரப் பார்த்தான். முடியவில்லை. அன்று படுத்தவன்தான். அதன்பின் அவனுக்கு ஓடியது வாய் மட்டும்.

கல்யாணமான புதிதில் காபிப்பொடிக் கடையில் சேர்ந்தவள் அவள். தெருவுக்கே 'அரவை அக்கா' ஆகி, சொந்தப் பெயர் ரேஷன் அட்டையோடு நின்றுவிட்டது. முதலாளி கடையை மூடிவிட்டு மகன் வீட்டுக்குக் கிளம்பும்போது, "இது உன் கைக்குத்தான் அடங்கும், எடுத்துக்கோ" என்று மிஷினை அவளிடமே விட்டார். வீட்டிலேயே அரைத்துக் கொடுத்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்று கணவனும் மனைவியும் திட்டம் போட்டார்கள். அவன் முதுகு அந்தத் திட்டத்தில் இல்லை.

பொடியும் காலை வாரியது. வாங்கியவர்கள் மறுமுறை வரவில்லை. வந்தவர்களும் தயங்கித் தயங்கிச் சொன்னார்கள்: "நல்லாத்தான் இருக்குக்கா. ஆனா என்னமோ ஒரு பழைய வாடை."

அதே கொட்டை, அதே வறுவல், அதே மிஷின், அதே கை. அவளுக்குப் பிடிபடவில்லை. டப்பாவை மாற்றினாள், காகிதத்தை மாற்றினாள், தண்ணீரைச் சந்தேகப்பட்டாள். கடைசியில் தன் உள்ளங்கையையே முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கையில என்ன எழுதியிருக்கு?" என்றான் கணவன் படுக்கையிலிருந்து.

"பிச்சைன்னு."



மிச்சமிருந்த ஒரே ஆள் தையல் கம்பெனி கேன்டீன்காரர். அந்தக் கம்பெனி முழுக்கக் குடிக்கிற காபிக்குப் பொடி வேண்டும். இரண்டு முறை மாதிரி கொடுத்து இரண்டும் திரும்பி வந்துவிட்டது. "இன்னிக்குச் சாயங்காலம் நானே வர்றேன். என் முன்னாடி போட்டுக் குடு. இதுதான் கடைசி" என்று சொல்லியிருந்தார். அதுவும் போனால் மிஷின் பழைய இரும்புக்குத்தான். இரும்புக்கடைக்காரர் ஏற்கெனவே ஒருமுறை வந்து, சந்தையில் மாட்டைத் தட்டுவதுபோல் அதன் விலாவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

டப்பாவின் அடியில் கொஞ்சம் கொட்டை கிடந்தது. ஒரு பொட்டலத்துக்கு வரும். கடன் கொடுக்க ஆளில்லை என்பதால் அதுதான் கடைசிக் கொட்டை.

மத்தியானம் கதவு தட்டும் சத்தம். இடுப்பில் பெண்குழந்தையோடு கீழ்வீட்டுக்காரி. மிஷின் ஓடினால் அவள் வீட்டு விட்டத்திலிருந்து சுண்ணாம்பு உதிரும். குழந்தை விழித்திருக்கும்போது மட்டும்தான் ஓட்டலாம் என்று ஒப்பந்தம்.

"அக்கா, இப்போ முழிச்சிட்டா. அரைக்கிறதுன்னா சட்டுனு அரைச்சிடுங்க. மறுபடி தூங்க வைக்கணும்."

"உக்காரு தங்கச்சி."

குழந்தை இறங்கி, மேடையில் இருந்த சர்க்கரை டப்பாவை எட்டிப் பிடித்தது. ஸ்பூனை ஒரு நக்கு நக்கி மறுபடி உள்ளே விட்டது.

"அடியே, எச்சில் பண்றியே! நீ தின்ன மிச்சம் ஒரு துளி பட்டாலே மொத்தமும் வீணாப் போயிடும்" என்று தாய் கையைப் பிடித்து இழுத்தாள்.

அரவை அக்கா அப்படியே நின்றுவிட்டாள்.

கடையில் தினமும் காலையில் முதலில் விழும் பொடியை முதலாளி ஒரு காகிதத்தில் பிடித்துக் குப்பையில் போடச் சொல்வார். 'அது மிஷினோட எச்சில். நேத்துத் தின்னது பல்லிடுக்குல இருக்கும்' என்பார். இருக்கப்பட்டவர் கொழுப்பு என்று அவள் முணுமுணுத்ததுண்டு. கடையில் ஒரு கைப்பிடி போனால் தெரியாது. அதற்குப் பிறகு நாள் முழுக்கப் புதுப்பொடிதான். இங்கே ஒரு பொட்டலம் அரைப்பதே பெரிய பாடு. அதில் பாதி, இத்தனை பெரிய மிஷினின் வயிற்றில் பல நாளாய்க் கிடந்த பழசு. மிஷின் வாயில் ஒட்டியதைக்கூட விடாமல் பிரஷ்ஷால் தட்டி எல்லோருக்கும் கட்டிக் கொடுத்திருக்கிறாள், சிக்கனம் என்று.

"என்னங்க," என்றாள் மெதுவாக. "நான் எல்லாருக்கும் எச்சிலை வித்திருக்கேன்."

அவள் சொன்ன விவரத்தைக் கேட்டுவிட்டுக் கணவன் டப்பாவைப் பார்த்தான். "இருக்கிறதே ஒரு பொட்டலம். அதுல பாதியைக் கொட்டிட்டா?"

"கொட்டலைன்னா மொத்தமும் குப்பைதான்."

"அவர் வந்து, இவ்வளவுதானா உன் சரக்குன்னு கேட்டா?"

"கேக்கட்டும்."

ஸ்விட்சைப் போட்டாள். பாத்திரங்கள் நடுங்கின, குழந்தை கைகொட்டிச் சிரித்தது. முதலில் விழுந்ததை ஒரு காகிதத்தில் பிடித்தாள். மணம் மாறும் மாறும் என்று மூக்கை அருகில் வைத்துக் காத்திருந்தாள். டப்பாவில் கொட்டை இறங்கிக்கொண்டே போனது. இனித் தாங்காது என்ற நேரத்தில் நெடி மாறியது. சட்டென்று வேறு பாத்திரத்தை நீட்டினாள். விழுந்தது இரண்டு மூன்று டம்ளருக்கு ஆகும், அவ்வளவுதான்.

கேன்டீன்காரர் மாடியேறி மூச்சு வாங்கிக்கொண்டே வந்தார். நின்றபடியே குடித்தார். அவர் முகத்திலிருந்து ஒன்றும் படிக்க முடியவில்லை. டம்ளரைக் காலி செய்துவிட்டு அடியை உற்றுப் பார்த்தார்.

"ஏம்மா, இதை ஏன் முதல்லயே குடுக்கல?"

"தெரியலண்ணே. இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

"உன் பொடின்னாலே என் ஆளுங்க மூஞ்சியைச் சுளிக்கிறாங்க. நாக்கு ஒருதடவை கெட்டதை மறக்காது." மிச்சப் பொடியைத் தானே மடித்துப் பையில் வைத்தார். "யார் பொடின்னு சொல்லாம நாளைக்கு மேஸ்திரிக்கு மட்டும் போட்டுக் குடுக்கிறேன். அந்த ஆள் குறை ஒண்ணும் சொல்லலைன்னா பொடி வாங்க ஆள் அனுப்புறேன். அனுப்பலைன்னா நீயே புரிஞ்சுக்கோ."

படியில் அவர் செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது.

பிறகு அவள் அந்தக் காகிதத்துப் பொடியை எடுத்து இரண்டு டம்ளர் போட்டாள். அவன் தலையைத் தாங்கிப் பிடித்துக் குடிக்க வைத்தாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றான்.

"பொய் சொல்லாதீங்க."

"சரி, மாமியார் எச்சில் மாதிரியே இருக்கு."

அவள் சிரிக்கவில்லை. தன் டம்ளரையும் ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு மிஷினின் முன் உட்கார்ந்து, நாளைக்கு அரைக்கக் கொட்டை இருப்பதுபோல, அதன் வாயைத் துடைக்க ஆரம்பித்தாள்.