கண்ணாடிக்கடைக்காரர் வீட்டு நாய்

என் அக்கா வீட்டுக்காரர் கண்ணாடிக்கடை வைத்திருக்கிறார். கண்ணைப் பரிசோதித்து, அளவெடுத்து, மூக்குக்கண்ணாடி செய்து கொடுக்கும் கடை. நான் அவரை மாமா என்பேன். அவர் என்னை மாப்ளே என்பார், அதுவும் வருஷத்துக்கு நாலைந்து தடவை. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற ஆள். "இது தெளிவா, முன்னாடி இருந்தது தெளிவா?" என்று கடையில் கேட்டுக்கொண்டே இருப்பதில் அன்றைய பேச்சு தீர்ந்துபோய்விடும் போலிருக்கிறது. வீட்டுக்கு மிச்சம் எதுவும் வராது.

கடையில் எதையும் ஒரு விரல்கடை நகர்த்தக் கூடாது. அதில் நியாயம் இருந்தது. கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நிற்கிறவருக்கு எதிரே இருக்கிற ஸ்டூல் தெரியாது. ஒரு பெரியவர் அப்படித் தடுக்கி விழுந்ததிலிருந்து நாற்காலி, மேஜை, ஸ்டூல் எல்லாவற்றுக்கும் தரையில் பெயிண்டால் குறி போட்டுவிட்டார். கடையோடு நிறுத்தியிருக்கலாம். வீட்டிலும் அதே சட்டம். அக்கா ஆசைப்பட்டு சோபாவை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டால், சாயங்காலம் வந்து ஒரு வார்த்தை பேசாமல் பழைய இடத்துக்கே தள்ளிவிடுவார். அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். இருபத்தெட்டு வருஷமாக இதே கதை.

அந்த வீட்டில்தான் மஃப்ளர் வளர்ந்தது. தேன் நிற ஸ்பேனியல் நாய். வெளிநாடு போன ஒரு வாடிக்கையாளர் குட்டியாகக் கொண்டுவந்து விட்டுப் போனார். "ஒரே வாரம், அதுக்குள்ள வேற ஆள் பாத்துடணும்" என்றாள் அக்கா. பத்து வருஷம் ஆகிவிட்டது. காதுகளைக் கழுத்தைச் சுற்றிக் கட்டிவிடலாம் போல அவ்வளவு நீளம். அதைப் பார்த்து நான் வைத்த பெயர். தினமும் காலையில் மாமாவின் இடதுபக்கம் ஒட்டிக்கொண்டு கடைக்குப் போகும். பரிசோதனை நாற்காலிக்கு அடியில் படுத்துக்கொள்ளும். கண்ணில் சொட்டு மருந்து விடும்போது அழுகிற குழந்தைகள் குனிந்து அதைப் பார்த்து அழுகையை மறந்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் மாமா உட்கார்ந்து அந்தக் காதுகளை அரைமணி நேரம் சிக்கெடுத்துச் சீவுவார். "அக்காவுக்கு ஒரு நாளாவது இப்படித் தலை வாரி விட்டிருக்கீங்களா மாமா?" என்று கேட்டேன். சீப்பிலிருந்து முடியை எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த காதைப் பிடித்தார்.

போன வருஷம் வீட்டின் சொந்தக்காரர் கட்டடத்தை இடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டார். ஒரு மாதத்தில் காலி செய்ய வேண்டும். அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கின. முதல் நாளே மஃப்ளர் ஒரு பெட்டியில் முட்டிக்கொண்டது. அடுத்த நாள் இன்னொன்றில். மூன்றாம் நாள் பீங்கான் தட்டுகள் வைத்திருந்த பெட்டியைச் சாய்த்துவிட்டது. அக்காவுக்கு வந்ததே கோபம்.

"இவ்வளவு பெரிய பெட்டி கூடவா தெரியல? வேணும்னே பண்ணுது பாருங்க. வீடு மாத்தறது அதுக்குப் பிடிக்கல, அதான் இந்தத் திமிர்."

மாமாவும் அதட்டினார். நாய் வாலை ஒடுக்கிக்கொண்டு பின்வாங்கி, இன்னொரு பெட்டியில் போய் இடித்தது. அப்போதுதான் மாமா முகம் மாறியது. சட்டைப்பையிலிருந்து பரிசோதனை டார்ச்சை எடுத்து, தரையில் மண்டியிட்டு, அதன் கண்ணில் அடித்துப் பார்த்தார். ஒரு கண், மறு கண், மறுபடி முதல் கண். வெளிச்சம் பட்டும் கண்பாப்பா விரிந்தது விரிந்தபடியே இருந்தது. டார்ச்சை அணைக்க மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"விழித்திரை கொஞ்சம் கொஞ்சமா போயிருக்கு. ஒரு வருஷமாவது இருக்கும்" என்றார் நாய் டாக்டர். "இவ்வளவு நாளா எப்படி உங்களுக்குத் தெரியாம இருந்துச்சு?"

எப்படித் தெரியும்? அந்த வீட்டில் பத்து வருஷமாக ஒரு சாமான் இடம் மாறி ஒரு ராத்திரி இருந்ததில்லை. போகிற தெருவும் மாறியதில்லை. மஃப்ளர் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தது. புது வீட்டைப் பற்றித்தான் டாக்டர் தயங்கினார். வயசான நாய், பழகாமல் பயந்துபோய்ச் சாப்பாட்டை விட்டுவிடலாம். மூன்று நாள் சாப்பிடாவிட்டால் கூட்டிக்கொண்டு வாருங்கள், வலியில்லாமல் போய்ச்சேர ஊசி போட்டுவிடலாம், கஷ்டப்படுத்த வேண்டாம் என்றார்.

மாமா அதற்கு விடை கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தார். இஞ்சு டேப்பை எடுத்துப் பழைய வீட்டை மூலைக்கு மூலை அளந்தார். கதவிலிருந்து சோபா நாலடி, சோபாவிலிருந்து மேஜை மூன்றடி என்று தாளில் குறித்தார். சாமான் ஏற்ற என் வேனைத்தான் கொண்டுபோயிருந்தேன். புது வீட்டில் அவர் டேப்போடு நிற்க, நானும் இன்னொரு ஆளும் சோபாவைத் தூக்கிக்கொண்டு "இன்னும் அரை இஞ்சு" என்ற கட்டளைக்கு ஆடினோம். என் இடுப்பு விட்டுப்போனது.

மஃப்ளரை உள்ளே விட்டார். சோபாவை முகர்ந்தது. தெரிந்த இடம் என்று அதற்கு ஒரே சந்தோஷம். வாலை ஆட்டிக்கொண்டு, பழைய வீட்டில் சமையலறை வாசல் இருந்த பக்கமாக ஒரே ஓட்டம் ஓடியது. அங்கே சுவர். வாசல் எதிர்ப்பக்கம். மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. மேஜைக்கு அடியில் போய்ச் சுருண்டு படுத்தது.

பாதி தெரிந்த வீடு, தெரியாத வீட்டை விட மோசம் என்பது அளவெடுத்தே பழகிய அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை.

முதல் நாள் முழுக்கச் சோற்றைத் தொடவில்லை. இரண்டாம் நாள் தண்ணீர் மட்டும், அதுவும் அக்கா முகத்தருகே கிண்ணத்தைப் பிடித்ததால். மூன்றாம் நாள் கடைக்கு லீவு போட்டுவிட்டு மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார் மாமா. கோழி வேகவைத்துச் சோற்றோடு பிசைந்து வைத்த தட்டு சுவரோரம் ஆறிக்கொண்டிருந்தது. சாயங்காலம் டாக்டரிடம் போக வேண்டும். அதற்காகத்தான் வேனோடு நான் வந்திருந்தேன்.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"நான் பேசினா அதுக்குக் காது ஆடுது. நீங்க இப்படி ஊமை மாதிரி உக்காந்திருந்தா அது எந்தப் பக்கம்னு வரும்? பேசுங்களேன்."

"என்ன பேசறது?"

"ஏதாவது! என்கிட்டதான் பேசறதில்ல, அதுகிட்டயாவது பேசுங்க." சமையலறைக்குள் போய்விட்டாள். நானும் பின்னாலேயே போனேன்.

கூடத்தில் மாமா தொண்டையைக் கனைக்கும் சத்தம் கேட்டது.

"இது... மேஜை. அதுக்குக் கீழதான் நீ இருக்க." மறுபடி கனைப்பு. "இந்தப் பக்கம் சோபா. அதை நான் தப்பா போட்டுட்டேன். நாளைக்கே மாத்திடறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா என் கையில் அடித்தாள்.

"கடைக்கு வரவங்க எல்லாரும் உன்னை எங்கன்னு கேப்பாங்கடா. நான் என்ன சொல்றது? எத்தனை பேர் கண்ணைப் பாத்திருக்கேன். காலைல கூடவே வந்த, ராத்திரி கால்மாட்டுல படுத்த. உனக்கு எப்போ இருட்டாச்சுன்னு எனக்குத் தெரியலடா. எந்த மாசம்னு கூடத் தெரியல. நீ பாட்டுக்கு என் பக்கத்துலயே நடந்து வந்த. அதட்டினேனே, அதை மனசுல வச்சுக்காத."

அக்கா கரண்டியைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். நான் எட்டிப் பார்த்தேன். மேஜைக்கு அடியிலிருந்து முதலில் மூக்கு வந்தது, பிறகு தரையில் இழுபடும் அந்தக் காதுகள். மாமா உட்கார்ந்தபடியே தட்டின் பக்கமாகப் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தார். "வா, இங்கதான் இருக்கேன், இன்னும் கொஞ்சம், இடதுபக்கம் நாற்காலி, ஆங், வா" என்று வாய் ஓயவில்லை. நாய் ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து வந்து அவர் முழங்காலில் முட்டியது. நின்றது. தட்டை முகர்ந்தது.

"சாப்பிடறான்டீ! ஏ, இங்க வாடீ, சாப்பிடறான்!"

மாமா கத்தி நான் கேட்டதில்லை. அக்காவை அவர் 'டீ' போட்டுக் கூப்பிட்டும் கேட்டதில்லை; அவளும் கேட்டதில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கரண்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். அடுப்பை நான்தான் அணைத்தேன்.