பீரோவை முதலில் தூக்கச் சொன்னவர்

பேச்சியம்மாள் டீச்சர் காலமான செய்தி, மும்பை செம்பூர் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது எனக்கு வந்தது. எங்கள் பள்ளி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி, மூன்று கும்பிடும் கைகளையும் போட்டிருந்தார்கள். அதன் கீழே வந்த முதல் இரங்கல், ஒரு காலத்தில் அவரிடமிருந்து இரண்டாம் வகுப்பைப் பறித்த பழைய தலைமையாசிரியருடையது. ‘ஒப்பற்ற ஆசிரியை’ என்று எழுதியிருந்தார். இதை எழுத இவருக்கு என்ன யோக்கியதை என்று கோபம் வந்தது. அப்படிப் பறிப்பதற்குக் காரணமான கடிதத்தை எழுதியவன் நான்தான் என்பது நினைவுக்கு வருவதற்குள் ஒரு ரயில் போய்விட்டது.

டீச்சரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் பிறந்து, அங்கேயே வாழ்ந்து, அங்கேயே கண்ணை மூடியவர். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தாராவியில் தோல் பட்டறையில் வேலை பார்த்தவர். டீச்சர் எங்கள் தமிழ்வழிப் பள்ளியில் ஏறக்குறைய முப்பது வருடம் இரண்டாம் வகுப்பு நடத்தினார். மேல்வகுப்பு கொடுத்தபோதெல்லாம் வேண்டாம் என்றார்.

நான் கணித முதுகலைப் பட்டத்தோடு அந்தப் பள்ளிக்குப் போனேன். எனக்கு வரவேண்டிய கல்லூரி வேலை நிர்வாகியின் மருமகனுக்குப் போயிருந்தது. அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. முதல் நாள் ஆசிரியர் அறையில் டீச்சர் தம் டப்பாவைத் திறந்து இட்லியை என் பக்கம் தள்ளினார்.

“சார் எம்எஸ்ஸி மேத்ஸாமே? நல்லதாப் போச்சு. எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம். ரெண்டு இலக்கக் கூட்டல வலது பக்கத்துலருந்து ஏன் சார் தொடங்குதோம்?”

“அதுதான் விதி” என்றேன்.

“யாரு போட்ட விதி?”

மற்றவர்கள் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஆனால் நான் அவமானப்பட்டவனாக வீடு திரும்பினேன்.

லேபர் கேம்ப்பில் பல வீடுகளில் பெண்கள் ஸ்டிக்கர் பொட்டை அட்டையில் ஒட்டும் கூலி வேலை செய்வார்கள். ஓர் அட்டைக்குப் பத்துப் பொட்டு. கோணலாக வெட்டுப்பட்டதால் ஒதுக்கிய அட்டைகளையும் பொட்டுகளையும் டீச்சர் கேட்டு வாங்கி வருவார். அவர் வகுப்பில் நாற்பத்தேழு என்றால் நாலு அட்டை, ஏழு உதிரி. குழந்தைகள் இடப்பக்கத்திலிருந்து, முதலில் அட்டைகளைச் சேர்ப்பார்கள். பிறகுதான் உதிரி. உதிரி பத்தைத் தொட்டதும், “டீச்சர், அட்டை ரொம்பிட்டு!” என்று வகுப்பே கத்தும். பக்கத்து அறையில் ஏழாம் வகுப்புக்கு இயற்கணிதம் நடத்திய எனக்கு அந்தச் சத்தம் பொறுக்கவில்லை. பெற்றோர்கள் அவரையே தேடி வந்தது அதைவிடப் பொறுக்கவில்லை.

ஆய்வுக்கு அதிகாரி வரவிருந்த சமயம் தலைமையாசிரியரிடம் ஒரு பக்கக் கடிதம் கொடுத்தேன். டீச்சர் பாடநூல் முறையை மீறுகிறார். மேல்வகுப்பில் குழந்தைகள் குழம்புகிறார்கள். இவ்வளவுதான் அதன் சாரம். இதில் இரண்டாவது பொய்.

டீச்சரை ஸ்டோர் ரூமுக்கு அனுப்பி, மதிய உணவுப் பதிவேட்டைக் கையில் கொடுத்தார்கள். அந்த வருடம் புதிதாக வந்த இரண்டாம் வகுப்பு என் தலையில் விழுந்தது.

நான் விதிப்படி நடத்தினேன். ஒரு மாதம் கழித்து 47ஐயும் 38ஐயும் கூட்டச் சொன்னேன். பாதிப் பேர் 715 என்று எழுதியிருந்தார்கள். முத்துலட்சுமி என்ற சிறுமியை எழுப்பி, எப்படி வந்தது என்று அதட்டினேன்.

“ஏழும் எட்டும் பதினஞ்சு. எழுதிட்டேன். நாலும் மூணும் ஏழு. அதையும் எழுதிட்டேன். ஒண்ணையும் விடல சார்.”

“பதினஞ்சுல அஞ்சை மட்டும் கீழ எழுதணும். ஒண்ணை மேல வைக்கணும்.”

“எதுக்கு சார் மேல?”

அதுதான் விதி என்றேன். வேறென்ன சொல்வேன்? மூன்று மாதம் இப்படியே போயிற்று. குழந்தைகள் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டார்கள். முத்துலட்சுமி நான் பக்கத்தில் போனாலே நோட்டைக் கையால் மறைத்துக்கொண்டாள். எனக்கே பயமாகிவிட்டது.

ஸ்டோர் ரூமுக்குப் போனேன். அரிசி மூட்டைகளுக்கு நடுவே டீச்சர் நிமிர்ந்து பார்த்தார்.

“என்ன சார், விதி மக்கர் பண்ணுதா?”

“எல்லாரும் எழுநூத்திப் பதினஞ்சு போடறா டீச்சர்.”

“காலிபீலி சும்மா டென்ஷன் ஆவாதீங்க. பிள்ளைங்க சரியாத்தான் கூட்டிருக்கு. அந்த நாலு, நாலு இல்ல, நாப்பதுன்னு அதுகளுக்கு யாரும் காட்டல. வீடு மாத்துதோம்னு வைங்க. ஸ்பூனையா மொதல்ல தூக்குவோம்? பீரோவ மொதல்ல தூக்கணும் சார். அது எங்க நிக்குன்னு தெரிஞ்சாத்தான் மத்த சாமானுக்கு எடம் தெரியும்.”

மறுநாளிலிருந்து சாப்பாட்டு இடைவேளையில் தினமும் என் வகுப்புக்கு வந்தார். தரையில் அட்டைகளைப் பரப்பிக் குழந்தைகளோடு உட்கார்ந்தார். நான் கடைசி பெஞ்சில் இருந்தேன். மூன்றாம் நாள், முத்துலட்சுமி அட்டைகளைச் சேர்த்து எழுபது என்றாள். உதிரியை எண்ணிப் பதினைந்து என்றாள். அதில் பத்தை எடுத்து ஒரு வெறும் அட்டையில் ஒட்டி, மற்ற ஏழு அட்டைகளோடு வைத்தாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“சார், நீங்க மேல வைக்கச் சொன்ன ஒண்ணு இதுதானா?”

நான் தலையாட்டினேன். டீச்சர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “இனிமே வலதுலருந்தே சொல்லிக் குடுங்க சார். இப்பம் ஏன்னு அதுகளுக்குத் தெரியும்.” பாடநூலுக்கு அவர் ஒருநாளும் எதிரியாக இருந்ததில்லை.

வருடக் கடைசியில் தலைமையாசிரியரிடம் போய், இரண்டாம் வகுப்பை டீச்சருக்கே திருப்பிக் கொடுங்கள் என்றேன். “உங்கள் முதல் கடிதம் தவறு என்று இன்னொரு கடிதம் கொடுங்கள், தருகிறேன்” என்றார். பல நாள் தாளை எடுத்து வைத்தேன். எழுதவில்லை. என் பதவி உயர்வு கெட்டுவிடும் என்று பயந்தேன். மேலும் இரண்டு வருடம் டீச்சர் ஸ்டோர் ரூமிலேயே இருந்தார். பிறகு நான் மறுபடி ஏழாம் வகுப்புக்குப் போனதும், இரண்டாம் வகுப்பை எடுக்க வேறு ஆள் கிடைக்காததால் அது அவரிடம் திரும்பி வந்தது. பதவி உயர்வு எனக்கு வரவே இல்லை.

பணி ஓய்வு நாளில் லட்டுத் தட்டோடு என் மேசைக்கு வந்தார்.

“உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கும் சார். ஹெட்மாஸ்டர் மேசையில அந்த லெட்டரப் பாத்த அன்னிக்கே தெரியும், நீங்கதான்னு. ரெண்டாவது லெட்டர் கேட்டிருக்கேன்னு அவரு சொன்னாரு. வரும் வரும்னு பாத்தேன். வேல சாஸ்தி போல.” சிரித்துக்கொண்டே இரண்டு லட்டு வைத்தார்.

அப்படியானால் எல்லாம் தெரிந்துதான் என் வகுப்புத் தரையில் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

இறுதி ஊர்வலத்தன்று லேபர் கேம்ப் சந்துக்குள் நிற்க இடமில்லை. பழைய தலைமையாசிரியர் பெரிய மாலையோடு முன்னால் நின்றார். பின்னால் ஓர் இளம்பெண் வந்தவர்களுக்கு டீ சொல்வதற்காகத் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். முத்துலட்சுமி. அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. “இந்தச் சந்துல அம்பத்தாறு, அங்கிட்டு முப்பத்தேழு” என்று முணுமுணுத்தார். “அம்பதும் முப்பதும் எம்பது. ஆறும் ஏழும் பதிமூணு.” பிறகு டீக்கடைப் பையனிடம் சத்தமாக, “தொண்ணூத்திமூணு சாய், ஜல்தி!”

பீரோதான் முதலில்.

டீச்சர், இதை அந்த இரண்டாவது கடிதமாக வைத்துக்கொள்ளுங்கள். என் முதல் கடிதம் தவறு. உங்கள் வகுப்பிலிருந்து வந்த ஒரு குழந்தையும் எந்த மேல்வகுப்பிலும் குழம்பவில்லை. குழம்பியவன் நான். தாமதத்துக்குச் சொல்லக் காரணம் ஒன்றுமில்லை. வேலை சாஸ்தியாக இருக்கவில்லை.

போய் வாருங்கள்.