எப்சிபாவின் பவளத்துக்கு வந்த சீக்கு

சூரியநெல்லி எஸ்டேட்டில் எங்கள் தொழிலாளர் லயத்துக்கு வந்து, என் பெயரைச் சொல்லி சூசையப்பன் வீடு எது என்று கேட்டால் ஒருவனும் சொல்ல மாட்டான். "கடல் வச்சிருக்காளே எப்சிபா, அவ வீடா?" என்று திருப்பிக் கேட்பான். எனக்கு அதில் வருத்தமில்லை, பெருமைதான். எப்சிபா என் மனைவி. பிளஸ் டூ முடித்தவள், தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள். வீட்டு முன்னறையில் நாலடிக் கண்ணாடித் தொட்டியில் கடலுப்புக் கரைத்த தண்ணீர் வைத்து அவள் மென்பவளம் என்ற கடலுயிரை வளர்க்கிறாள், கூடவே சில மீன்களும் நத்தைகளும்.

மூணாற்றில் மீன்தொட்டிக் கடை வைத்திருக்கும் ஜோபி, இனித் தேறாது என்று ஒதுக்கிப் போட்ட கட்டைவிரல் அளவுத் துண்டு அந்தப் பவளம். நாலு வருஷத்துக்கு முன் இவள் கேட்டு வாங்கி வந்தாள். இந்தக் குளிரில் கடலாவது வளர்வதாவது என்று நான்தான் முதலில் கேலி பண்ணினேன். செல்போனில் தேடித் தேடிப் படித்தாள். தண்ணீரைச் சூடாக்க ஒரு ஹீட்டர், கரண்ட் போனால் தொட்டியைப் போர்த்த ஒரு கம்பளி என்று பாடுபட்டு, அதைச் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வளர்த்துவிட்டாள். பெரிய காளான் மாதிரி இருக்கும். குடை மேலெல்லாம் சின்னச் சின்ன விரல்கள் நீட்டி ஆடும். அதிலிருந்து துண்டு வெட்டி, தனியே வளர்த்து ஜோபி கடைக்குக் கொடுப்பாள்.

போன வருஷம் ஜூனில் மழை பிடித்ததும் அது விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டது. எப்சிபா பதறவில்லை. இந்த வகை அவ்வப்போது மூடிக்கொண்டு தோல் உரிக்கும், ஒரு வாரத்தில் திறந்துவிடும் என்றாள். மூன்று வாரமாகியும் திறக்கவில்லை. ஓரம் சுருங்கிப் பழுப்பேறியது. அந்த நேரம் பார்த்து ஜோபி வந்து நின்றான்.

"சேச்சி, நீங்க கடைசியாத் தந்த ரெண்டும் வாங்கினவங்க வீட்டுல அழுகிப்போச்சு. சண்டைக்கு வந்தாங்க. சூரியநெல்லி எப்சிபா தந்ததுன்னு சொல்லிட்டேன். இதுவும் சீக்கு மாதிரிதான் இருக்கு. அடுத்த மாசம் வருவேன். இப்படியே இருந்தா இனி எனக்கு வேண்டாம்."

அவன் போனதும் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. செத்ததை உயிராக்கிக் கொடுத்தவளுக்கு ஊர் பூராவும் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டானே. எப்சிபா அன்று சோறு தின்னவில்லை. மறுநாளிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தாள். உப்பளவு சரியாக இருந்தது, சூடும் சரி. விளக்கை ஒரு சாண் உயர்த்தினாள், மூன்று நாள் பொறுத்தாள். பிறகு தண்ணீரைச் சுழற்றும் பம்பைத் திருப்பி வைத்தாள், மறுபடி மூன்று நாள்.

"எல்லாத்தையும் சட்டுனு மாத்திப் பாத்தா என்னளா?" என்றேன்.

"மாத்தினா எது கெடுத்துச்சுன்னு எப்படித் தெரியும்?"

"ஏதாவது மருந்து ஊத்தேன்."

"என்ன சீக்குன்னே தெரியாம மருந்தா? சும்மா இருங்க."

ஒரு காலையில் தொட்டியின் அடியைக் காட்டினாள். "மீனெல்லாம் நல்லாத்தான் நீந்துது. நத்தை மட்டும் மல்லாந்து கிடக்கு, பாத்தீகளா? மீனை விட்டுட்டு நத்தையையும் பவளத்தையும் பிடிக்குதுன்னா, தண்ணில செம்பு கலந்திருக்கணும்." பம்பின் திருகாணி, ஹீட்டரின் ஒயர், தண்ணீர் பிடிக்கிற குழாய் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தாள். செம்பு எங்கும் இல்லை.

இங்கே என் வேலையைச் சொல்லியாக வேண்டும். போன வருஷ மழைக்குத்தான் என்னை முதல் தடவையாக மருந்தடிக்கிற கூட்டத்தில் சேர்த்தார்கள். மழைக்காலத்தில் தேயிலையில் கொப்புளம் விழும். அதற்குச் செம்பு கலந்த மருந்தை முதுகில் சுமந்து நாள் முழுக்க அடிப்போம். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவேன், அதில் குறையே கிடையாது. கழுவிய கையோடு தொட்டிக்குள் கைவிட்டு உள்கண்ணாடியைத் துடைப்பேன். பார்க்க வருகிறவர்களுக்குப் பளிச்சென்று தெரிய வேண்டும் என்ற தவிப்பு எனக்கு. வேறு யாரையும் துடைக்க விடமாட்டேன், தினமும் நானேதான்.

அன்று சாயங்காலமும் துடைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் எப்சிபா நின்றிருந்தாள்.

"கைய வெளிய எடுங்க."

எடுத்தேன். முழங்கையில் மடித்து விட்டிருந்த சட்டைக் கை நனைந்து, தொட்டிக்குள்ளேயே சொட்டிக்கொண்டிருந்தது. மடிப்பெல்லாம் நீலப்பச்சைக் கறை. அவள் சத்தம் போடவில்லை. மறுநாள் மூணாற்றுக்குப் போய்ச் செம்பைச் சோதிக்கிற டப்பா வாங்கி வந்தாள். அதிலிருந்த சோதனைக் குழாயில் தொட்டித் தண்ணீர் நிறம் மாறியதும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மூன்று வருஷ உழைப்பில் மண்ணைப் போட்டது நான்தான்.

வாரம் இரண்டு தடவை பாதித் தண்ணீரை மாற்றினாள். செம்பை உறிஞ்சக் கரித்தூள் பையைத் தொங்கவிட்டாள். தண்ணீர் சுமந்தது நான். தொட்டியிலிருந்து இரண்டடி தள்ளி நிற்க வேண்டும் என்பது எனக்கு உத்தரவு. மூன்றாம் வாரம் பவளத்தின் மேலிருந்து மெழுகு மாதிரி ஒரு தோல் கழன்று மிதந்தது. அடுத்த நாள் விரல்கள் எட்டிப் பார்த்தன. எப்சிபா அழுதாள், நானும்தான்.

சொன்னபடி ஜோபி வந்தான். குடை முழுக்க விரித்து ஆடுவதைப் பார்த்துவிட்டு என்ன சீக்கு என்று கேட்டான்.

"தண்ணி கொஞ்சம் கெட்டிருந்துச்சு" என்றாள் எப்சிபா. என்னைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை அவளுக்கு. எனக்குப் பொறுக்கவில்லை.

"தண்ணி தானாக் கெடல, ஜோபி. மருந்தடிச்ச சட்டையோட கைய விட்டவன் நான். கண்டுபிடிச்சுக் காப்பாத்தினது இவ."

 ஜோபி பையிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் டப்பாக்களை எடுத்து வைத்தான். "ரெண்டு துண்டு தாங்க சேச்சி. ஆள் கேட்டு நிக்குது."

"இப்ப வெட்டக் கூடாது. தேறி ரெண்டு மாசமாவது ஆகட்டும்" என்ற எப்சிபா ஒரு டப்பாவைக் கையில் எடுத்தாள். மூடியில் 'சிங்கப்பூர் ஸ்பெஷல்' என்று சீட்டு ஒட்டியிருந்தது.

"இதுக்குள்ள போட்டுத்தான் இத்தனை நாளும் வித்தீங்களா?"

"அது... கஸ்டமருக்கு வெளிநாடுன்னாத்தான் ஒரு மதிப்பு சேச்சி."

"அழுகினப்ப மட்டும் சூரியநெல்லி எப்சிபான்னு சொன்னீங்களே. நல்லா இருக்கும்போதும் அதையே எழுதுங்க. எழுதினா ரெண்டு மாசம் கழிச்சு வாங்க."

ஜோபி சீட்டைக் கிழித்துவிட்டுப் பேனா கேட்டான். நான் ஓடிப்போய் எடுத்து வந்தேன்.