பாட்டை நிறுத்திச் சாப்பாடு விசாரித்தவன்

போன வாரம் கோலாலம்பூரில் ஒரு மண்டபம். ஒத்திகையின்போது ஒலிபெருக்கி பார்ப்பவர், "அக்கா, சரணத்துல ரெண்டாவது வரி முடிஞ்சதும் உங்க கிட்டார் ஏன் தயங்குது?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பதில் சொல்லத் தொடங்கினால் மலைமேல் இருக்கும் எங்கள் ஊர் பிரிஞ்சாங் வரைக்கும் போக வேண்டும். அவருக்கு நேரமில்லை. உங்களுக்கு இருக்கும் என்று நினைக்கிறேன்.

நாங்கள் இரண்டே பேர். நான் கிட்டார், பாட்டும் கஞ்சிராவும் என் தம்பி குமரன். வளர்ந்தது தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில். அங்கே வாசலை யார் கடந்தாலும் சாப்பிட்டாயிற்றா என்று கேட்டுவிட வேண்டும். கேட்காவிட்டால் கோபம் என்று அர்த்தம். மறுநாள் கொழுந்து நிறுக்கும் இடத்தில் அம்மாவைப் பிடித்துக்கொள்வார்கள், உன் பிள்ளைக்கு எங்கள் மேல் என்ன மனத்தாங்கல் என்று. எல்லாருக்கும் இருந்த பழக்கம்தான். அதற்காகப் பாடிக்கொண்டிருக்கும்போதுமா?

பிரிஞ்சாங் சந்தையில் அவித்த சோளம் விற்கும் கடைக்குப் பக்கத்தில் நின்று பாடுவோம். இன்றைக்கும் சோளம் வேகும் வாசனை வந்தால் எனக்குப் பசிக்காது, எரிச்சல்தான் வரும். பனியில் சுருதி கலைந்துவிடும், விரல் மரத்துப்போகும். அதையெல்லாம் சமாளித்து ஒரு வழியாகக் கூட்டம் சேர்த்திருப்பேன். சரணத்தில் இரண்டு வரிதான் போயிருக்கும், எதிரே ஒரு தெரிந்த முகம். குமரன் கஞ்சிராவை அக்குளில் இடுக்கிக்கொண்டு, "அத்தை, சாப்டாச்சா?" என்பான். ஆச்சு என்று சொல்லிவிட்டு அத்தை போய்விடுவாரா? முட்டிவலியில் ஆரம்பித்து மருமகளில் வந்து நிற்பார். நான் செக்குமாடு மாதிரி அதே இடத்தைச் சுற்றிச் சுற்றி வாசித்துக்கொண்டிருப்பேன். ஒருமுறை திரிங்காப்பிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றி வந்த லோரிக்காரர் நடுத்தெருவில் வண்டியை நிறுத்திப் பதில் சொன்னார். பின்னால் நின்ற வண்டிகள் அடித்த ஹார்னில் என் கிட்டார் எனக்கே கேட்கவில்லை.

"ஒரு பாட்டையாவது முழுசா பாடித் தொலைடா" என்றேன்.

"கேக்காம விட்டா கோச்சுக்குவாங்க, அக்கா. பாட்டு எங்க ஓடிப்போவுது?"

யாரோ ஒரு சுற்றுப்பயணி அதைக் கைப்பேசியில் பிடித்து இணையத்தில் போட்டுவிட்டார். அந்த லோரிக் கூத்தைத்தான், நான் பாடுபட்டு வாசித்ததை இல்லை. ஈப்போவில் பாடக் கூப்பிட்டார்கள். பிறகு பினாங்கு, சிங்கப்பூர். மலை இறங்கும் பஸ்ஸில் குமரனுக்கு வாந்தி வரும், பையைப் பிடிப்பது என் வேலை.

முதல் பெரிய மண்டபத்தில் முகத்துக்கு நேரே விளக்கு, எதிரே ஒரே இருட்டு. அந்தச் சரணத்தில் இரண்டு வரி பாடினான். நிறுத்தினான். இருட்டைப் பார்த்து, "எல்லாரும் சாப்டாச்சா?" என்றான். நிஜமாகத்தான் கேட்டான். மண்டபம் சிரித்துக் கைதட்டியது. பதில் சொல்லத்தான் ஆள் இல்லை. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு என் பக்கம் திரும்பி, "யாருமே சொல்ல மாட்டேங்கிறாங்க, அக்கா" என்றான், மெதுவாக.

அதற்கப்புறம் அவன் எந்த மேடையிலும் கேட்டதில்லை. பாட்டு பிசிறில்லாமல் முழுசாகப் போகிறது. நான் இத்தனை காலம் கத்தியது இதற்குத்தான். என் விரல்கள் மட்டும் அந்த இடம் வந்ததும் தாமாக மெதுவாகின்றன. அவன் மூன்றாவது வரிக்குப் போய்விடுகிறான். நிறுத்தேண்டா, யாரையாவது கேட்டுத் தொலையேண்டா என்று எனக்கு எரிச்சல் எரிச்சலாக வருகிறது.