என் விசா கோயம்புத்தூரில் இருந்தது: ஒரு பான் நகரப் பயணம்

ஜெர்மனியில் நான்கு நாள் இருந்தேன். மூன்றரை நாள் சுகமாகப் போயிற்று. மீதி அரை நாளைப் பற்றித்தான் இந்தப் பதிவு. இங்கிலாந்தில் படித்துக்கொண்டே ஐரோப்பாவுக்கு ஒரு எட்டு போய்வரலாம் என்று டிக்கெட் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

நான் லீட்ஸில் ஆராய்ச்சி மாணவி, ஊர் கோவை. இந்த நவராத்திரி சமயத்தில் பானில் நிலத்தடி நீர் பற்றி மூன்று நாள் பயிலரங்கு. லண்டனிலிருந்து கொலோன்-பான் விமான நிலையத்துக்குப் போக வர தொண்ணூற்றாறு பவுண்டு. விடுதியில் ஓர் இரவுக்கு முப்பத்தெட்டு யூரோ, காலை உணவு சேர்த்து. ஐரோப்பாவுக்கான ஷெங்கன் விசாவில் நான்கு நாள் கேட்டேன், கஞ்சத்தனமாக அளந்து நான்கே நாள் கொடுத்தார்கள். நானும் நாலு நாள் போதாதா என்று விட்டுவிட்டேன்.

பான் நடந்தே பார்த்துவிடக்கூடிய ஊர். ரைன் ஆற்றங்கரையில் ஐந்து கிலோமீட்டர் நடந்தேன், காசே செலவில்லை. நான்காம் நாள் காலை பதினொன்று நாற்பதுக்கு ரயில் நிலையத்திலிருந்து விமான நிலையப் பேருந்து. அரை மணி நேரம். விமானம் பிற்பகல் இரண்டு ஐம்பதுக்கு. பெட்டியைப் போட்டுவிட்டுக் காப்பி குடிக்கலாம் என்று நினைத்துக்கொண்டு வரிசையில் நின்றேன்.

பன்னிரண்டு நாற்பதுக்குக் கவுன்டரில் இருந்த பெண் என் பாஸ்போர்ட்டை மூன்று முறை தேய்த்துப் பார்த்தாள். பிறகு ஆங்கிலத்தில், பிரிட்டனில் நுழைய எனக்கு அனுமதி இருப்பதாகக் கணினி காட்டவில்லை என்றாள்.

காரணம் எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. பிரிட்டன் விசாவுக்கு இப்போது அட்டை கிடையாது, எல்லாம் இணையக் கணக்கில்தான். என் கணக்கு பழைய பாஸ்போர்ட்டோடு இணைந்திருந்தது. ஏப்ரலில் புது பாஸ்போர்ட் வாங்கிய நான் அதைக் கணக்கில் மாற்றவில்லை. மாற்ற முடியாமல் இல்லை, சோம்பேறித்தனம். அதைவிடப் பெரிய மடத்தனம் ஒன்றும் இருந்தது. அந்தக் கணக்கை நான் ஒருநாளும் திறந்ததே இல்லை.

ஊரில் நம்மில் பலர் செய்வதுதான். காந்திபுரத்தில் ஒரு ஏஜென்சியில் பாஸ்போர்ட்டைக் கொடுத்து, "நீங்களே போட்டுடுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு வந்தேன். கணக்குக்கான மின்னஞ்சலும் போன் எண்ணும் ஏஜென்சியுடையவை. உள்ளே நுழைய வேண்டுமென்றால் அந்தப் போனுக்குத்தான் ரகசிய எண் வரும். ஷெங்கன் விசாவுக்குப் பிரிட்டன் அனுமதிச் சான்று கேட்டபோதுகூட, அங்கே வேலை பார்க்கும் செந்திலண்ணன்தான் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினார். அந்தச் சான்றுக்கு மூன்று மாதம்தான் ஆயுள், அதுவும் முடிந்துவிட்டது.

இன்று ஏற முடியாவிட்டால் நாளை முதல் நான் ஜெர்மனியில் அனுமதியில்லாத ஆள். இனி எந்த நாட்டு விசா படிவத்திலும் அதை எழுதியாக வேண்டும். கவுன்டர் இரண்டு பத்துக்கு மூடிவிடும்.

செந்திலண்ணனை அவருடைய சொந்தப் போனில் அழைத்து ரகசிய எண் கேட்டேன். ஊரில் அப்போது மாலை நாலேகால். பின்னால் ஒரே மணிச் சத்தம்.

"ஏம்மா, இன்னிக்கு ஆயுத பூஜையாச்சே. ஆபீசுப் போனு, கம்ப்யூட்டரு எல்லாம் பூஜைல இருக்குது. பொட்டு வெச்சு, ஆஃப் பண்ணி, ஓனரு பூட்டிட்டுப் போயிட்டாரு. நாளைக்குப் பூஜை பண்ணித்தான் எடுக்கோணும்."

"அண்ணா, நாளைக்கு என்னை இங்க புடிச்சு வெச்சிருவாங்க!" என்று கத்தியேவிட்டேன். அழுகை வேறு வந்துவிட்டது. "ஓனர்கிட்ட சாவி கேட்டுப் பாக்கறேன். போனை வைங்க" என்றார்.

எனக்குப் பின்னால் நின்ற அக்கா ஒருவர் தோளைத் தொட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், கொலோனில் முப்பது வருடமாக இருப்பவர், லண்டனில் கலியாண வீட்டுக்குப் போகிறார்.

"பிள்ளை, பயப்பிடாதேங்கோ. அவ உங்களைப் போகேலாது எண்டு சொல்லேல்லை. சிஸ்டத்தில காட்டேல்லை எண்டுதான் சொல்லுறா. நான் டொச்சில, அவவின்ர பாஷையில, கதைக்கிறன். உங்கட யூனிவர்சிட்டிக்குப் போன் அடியுங்கோ முதல்ல."

அது எனக்குத் தோன்றவே இல்லை. மாணவர் அடையாள அட்டையின் பின்புறம் வெளிநாட்டு மாணவர் உதவிப் பிரிவின் எண் இருந்தது. ஒரு மணிக்கு ஹெலன் என்ற பெண் எடுத்தார். நான் திக்கித் திணறிச் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். விமான நிலையத்தை விட்டு வெளியே போகாதே, கணக்கைத் திறக்கப் பழைய பாஸ்போர்ட் எண்தான் வேண்டும், நீ சேர்ந்தபோது எடுத்த நகல் எங்களிடம் இருக்கிறது, இதோ அனுப்புகிறேன் என்றார். பழைய பாஸ்போர்ட் லீட்ஸில் மேசை இழுப்பறையில் கிடந்தது. ஏழு நிமிடத்தில் நகல் வந்துவிட்டது. ஆனால் போன் எண்ணை மாற்றித் தர அவர்களால் முடியாது, அரசுக்கு எழுதினால் நாள்கணக்கில் ஆகுமாம்.

ஆக, கோவையை விட்டால் வழியில்லை. ஒன்றரை ஆயிற்று. கவுன்டரில் வரிசை கரைந்துகொண்டே வந்தது. அக்கா தன் பெட்டியைப் போடாமல் என்னோடு நின்றார். "நீங்க போங்கக்கா" என்றேன். "இன்னும் நேரம் கிடக்கு. தண்ணியைக் குடியுங்கோ" என்றார். பாட்டில் மூடியை அவர்தான் திறந்து கொடுத்தார்.

ஒன்று முப்பத்தெட்டுக்குச் செந்திலண்ணன் அழைத்தார். "உள்ள வந்துட்டேன். சாமி மன்னிச்சுக்கோணும். போன்ல சார்ஜே இல்லீங்க. போட்டிருக்கறேன்."

அந்தப் பதின்மூன்று நிமிடத்தை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. வெறும் பயம், வேறொன்றும் இல்லை. ஒன்று ஐம்பத்தொன்றுக்கு ஆறு இலக்கங்களை ஒவ்வொன்றாகப் படித்தார், நான் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னேன். கணக்கு திறந்தது. என் படம், விசா முடியும் தேதி, எல்லாம் அங்கே. கவுன்டர் பெண் மேலதிகாரியை அழைத்து, யாருக்கோ போன் போட்டு, சரிபார்த்து, இரண்டு ஆறுக்குப் பயண அட்டையை நீட்டினாள். அக்கா, "ஓம், இப்ப அழுங்கோ" என்றார்.

பயணம் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பாஸ்போர்ட் மாற்றினால் அன்றே கணக்கிலும் மாற்றுங்கள். பழையதையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள். புறப்படும் முன் ஒருமுறை உங்கள் கையாலேயே கணக்கைத் திறந்து புதுச் சான்று எடுத்து அச்சிட்டுக்கொள்ளுங்கள். பல்கலைக்கழக உதவி எண் எல்லோருக்கும் உண்டு. வெட்கப்படாமல் அழையுங்கள், என்னைப் போல் இரண்டு வருடம் கழித்துக் கண்டுபிடிக்காதீர்கள். விசா நாளைக் கேட்கும்போது இரண்டு நாள் கூட்டியே கேளுங்கள்.

மறுநாள் லீட்ஸிலிருந்து செந்திலண்ணனை மறுபடி அழைத்து, இன்னொரு ரகசிய எண் வாங்கி, மின்னஞ்சலையும் போன் எண்ணையும் என்னுடையதாக மாற்றினேன்.

"நல்ல வேலை பண்ணுனீங்க. இந்த ஒரு போன்லயே உங்களாட்டம் நூறு பேருக்கு மேல இருக்கறாங்க. நான் இந்த மாசத்தோட நின்னுக்கறேன். கடையவே மூடறாங்க, நம்பரையும் சரண்டர் பண்ணிப்போடுவாரு ஓனரு."

"அவங்களுக்கெல்லாம் சொல்லிட்டீங்களாண்ணா?"

"எங்கீங்க சொல்றது? எங்கிட்ட இருக்கறது அவங்க ஊர்ல வெச்சிருந்த நம்பரு. ஒண்ணுமே போக மாட்டேங்குது."

காந்திபுரத்தில் மாடியில், கீழே ஜெராக்ஸ் கடை உள்ள ஏஜென்சியில் விண்ணப்பம் போட்டவர் யாராவது இதைப் படிக்கிறீர்களா? பயணம் அப்புறம் இருக்கட்டும், இப்போதே செந்திலண்ணனைக் கூப்பிடுங்கள். மாதம் முடிய இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது.